விளையாட்டு முகாம் முடிந்து இத்தனை வருடம் ஆகியும் அந்தக் கூட்டம் ஏன் கலையவில்லை?

மைதானப்புழுதி:
பள்ளியில் வருடக்கணக்கில் ஒரே வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேரின் முகமே எனக்கு மறந்துவிட்டது. ஆனால் விடுமுறையில் தடகள முகாமில் கூட இருந்தவர்களோடு இன்றைக்கும் பேச்சு இருக்கிறது. யாருக்காவது வேலை போனால், வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால், முதல் போன் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வருகிறது. இத்தனைக்கும் எங்களில் யாரும் பெரிய வீரர் ஆகவில்லை. பெரும்பாலானவர்கள் ஓடுவதையே விட்டுவிட்டார்கள்.

இதை இங்கே கேட்க ஒரு காரணம் உண்டு. அதே முகாமை இப்போது நடத்துபவர்கள் என்னையும் உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள், தங்கிப் பயிற்சி எடுக்கும் முகாம். பயிற்சி அட்டவணையைக் கோச் பார்த்துக்கொள்வார். எனக்குப் பிடிபடாதது அந்த இன்னொரு விஷயம்தான். எங்களைச் சேர்த்து வைத்தது எது? அதைத் தெரிந்துகொள்ளாமல் எதையாவது மாற்றி, இருப்பதையும் கெடுத்துவிடக் கூடாது. முகாம் அனுபவம் உள்ளவர்கள், எந்த விளையாட்டாக இருந்தாலும், எழுதுங்கள்.

கடைசிலேன்:
முதல் காரணம் நேரம். கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று அதில் கணக்கிட்டார். அது கல்லூரி மாணவர்களிடமும் ஊர் மாறிப்போன பெரியவர்களிடமும் நடந்தது, சிறுவர்களுக்கு அதே எண் அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தங்கும் முகாமில் விழித்திருக்கும் நேரம் ஒரு நாளைக்குப் பதினைந்து மணி. இரண்டு வாரத்தில் 200 தாண்டிவிடும். வெளியில் அதே நேரத்தைச் சேர்க்க ஒரு வருடம்கூட ஆகலாம்.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஒரே இடத்தில் வேலை செய்த நேரமும் ஒரே வகுப்பில் உட்கார்ந்த நேரமும் அவ்வளவாகப் பலன் தரவில்லை. சும்மா பேசி, விளையாடி, ஒன்றாகப் பொழுது போக்கிய நேரம்தான் நட்பானது. அதனால் உங்கள் முகாமில் மதியம் இரண்டு மணி நேரம் காலியாகக் கிடந்தால், தயவுசெய்து அதில் இன்னொரு வகுப்பை வைத்து நிரப்பாதீர்கள். மரத்தடியில் படுத்துக் கதை பேசிய அந்த நேரம்தான் உங்களை இன்று வரைக்கும் கொண்டுவந்திருக்கும்.

வலைக்காவலர்:
நேரம் சரி. அதோடு உடம்பும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் படகு வலிப்பவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2010 வாக்கில் வந்தது. அதே ஆட்கள், அதே துடுப்புப் பயிற்சி இயந்திரம், அதே அளவு உழைப்பு. தனியாகத் துடுப்புப் போட்டபோது இருந்ததைவிட, குழுவாக ஒரே தாளத்தில் துடுப்புப் போட்ட பிறகு அவர்களால் வலியை அதிகம் தாங்க முடிந்தது. மூளையில் வலியைக் குறைக்கும் எண்டார்ஃபின் கூடுதலாகச் சுரப்பதன் அடையாளமாக இதை எடுத்துக்கொண்டார்கள். சேர்ந்து ஆடுகிறவர்களிடமும் சேர்ந்து பாடுகிறவர்களிடமும் இதே போன்ற முடிவுகள் வந்திருக்கின்றன.

நான் ஹாக்கி முகாமில் கோல்கீப்பராக இருந்தவன். அதிகாலை ஓட்டத்தில் எல்லாரும் ஒரே வேகத்தில் கால் வைத்து ஓடும்போது, கடைசிச் சுற்றில் மூச்சு வாங்கும் நேரத்தில், பக்கத்தில் ஓடுபவன் யார் என்றே தெரியாவிட்டாலும் அவன்மேல் ஒரு பாசம் வந்துவிடும். பிறகு அவன் பெயரைக் கேட்போம். அங்கே நட்பு பேச்சில் தொடங்கவில்லை, ஓட்டத்தில் தொடங்கியது.

இடதுகைக்காரி:
எல்லாரும் நல்லதை மட்டுமே எழுதுகிறீர்கள். ஒருத்தர் மாற்றியும் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மைதானப்புழுதி அண்ணா, உங்கள் குழுவில் இன்று இருப்பவர்கள் அந்த முகாமில் இருந்தவர்களில் எத்தனை பங்கு? மற்றவர்கள் எங்கே? முகாம் வாழ்க்கையை மாற்றியது என்று சொல்பவர்கள் எல்லாரும் அது நல்லபடி அமைந்தவர்கள். அது கெட்டபடி அமைந்தவர்கள் குழுவில் இருக்க மாட்டார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதும் இல்லை.

நான் போன பேட்மின்டன் முகாமில் தினமும் சாயங்காலம் தரவரிசைப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள். முதல் எட்டுப் பேர் மறுநாள் நல்ல கோர்ட்டில் ஆடுவார்கள், தலைமைக் கோச் அவர்களோடு நிற்பார். கீழே இருப்பவர்கள் ஓரத்துக் கோர்ட்டில் தாங்களாகவே ஷட்டிலை அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். என் வயசில் கைவேகம் வர நேரம் எடுத்தது, பட்டியலில் என் இடம் எப்போதும் அடியில்தான். பட்டியலில் மேலே இருந்தவர்கள் சாப்பிடும்போதுகூட எங்களோடு உட்கார மாட்டார்கள். அடுத்த வருடம் நான் போகவில்லை. ராக்கெட்டை மறுபடி எடுத்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். இதுவும் நெடுநாள் நின்ற தாக்கம்தானே?

இன்னொன்று. 1985-ல் கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவரோடு சேர்ந்தவர்களும் இளையோர் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதத்தைப் பார்த்தார்கள். வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவு. காரணம் எளிது. வயதுப் பிரிவு ஜனவரி 1-ல் தொடங்கும். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் பதினொரு மாதம் என்பது உயரத்திலும் பலத்திலும் பெரிய வித்தியாசம். அந்த வித்தியாசத்தைத் திறமை என்று நினைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், தேர்வானவனுக்கு நல்ல கோச்சும் கூடுதல் ஆட்டமும் கிடைக்கின்றன, அப்புறம் அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறான். சுவரில் ஒட்டும் பட்டியல் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

விசில்:
இடதுகைக்காரி சொன்னது ரொம்ப முக்கியம் அம்மா. நான் முகாம்களில் கோச்சாக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முகாம் நடத்துகிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய பழைய சோதனை ஒன்று உண்டு. 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், ராபர்ஸ் கேவ் என்ற காட்டுப் பூங்காவில், முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் ஒரு கோடை முகாம் நடத்தினார். பதினொரு வயதை ஒட்டிய 22 பையன்கள். இரண்டு குழு, தனித்தனி இடம். ஒரு குழு இருப்பது மற்றதுக்கு முதலில் தெரியாது. அந்த நாட்களிலேயே ஒவ்வொரு குழுவும் தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது, கொடி செய்துகொண்டது. பிறகு பேஸ்பால், கயிறு இழுத்தல் என்று போட்டி வைத்து, ஜெயிப்பவர்களுக்கு மட்டும் பரிசு என்று அறிவித்தார்கள். சில நாட்களில் ஒருவர் கொடியை மற்றவர் எரித்தார்கள், ராத்திரியில் அடுத்தவர் குடிலுக்குள் புகுந்து சாமான்களைக் கலைத்துப் போட்டார்கள். சாதாரணமான, நல்ல வீட்டுப் பையன்கள்தான் அத்தனை பேரும்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் ஒவ்வொரு இளம் கோச்சுக்கும் சொல்வேன். இரண்டு குழுவையும் ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள், படம் காட்டினார்கள். பலிக்கவில்லை, சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டார்கள். ஆனால் முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோய், அடைப்பு எங்கே என்று எல்லாரும் சேர்ந்து தேட வேண்டி வந்தபோதும், சாப்பாடு வாங்கப் போக வேண்டிய லாரி நின்றுவிட, எல்லாரும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தபோதும் மெல்ல மெல்ல மாறினார்கள். ஒருவருக்கு எதிராக ஒருவர் இழுத்த அதே கயிறு அது. கடைசியில் ஒரே பேருந்தில் வீடு திரும்ப வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள்.

அந்தத் தடைகளைத் திட்டமிட்டு ஏற்படுத்தியவர்களும் ஆய்வாளர்கள்தான். தாங்கள் சோதிக்கப்படுகிறோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. இன்று அப்படி ஒரு சோதனையை யாரும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. முந்தின வருடம் 1953-ல் ஷெரீஃப் இதே போல் ஒன்றைத் தொடங்கி, பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. அந்த முறை பையன்களை முதலில் எல்லாரோடும் பழக விட்டு, பிறகுதான் இரண்டாகப் பிரித்தார்கள். எவ்வளவு மோத விட்டும் அவர்கள் எதிரிகள் ஆகவில்லை.

மைதானப்புழுதி தம்பி, இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். முதல் இரண்டு நாள் எந்தப் போட்டியும் வேண்டாம், எந்த அணியும் வேண்டாம். எல்லாரும் எல்லாரோடும் கலக்கட்டும். பிறகு அணி பிரித்தாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கட்டாயம் ஒரு வேலையாவது இருக்க வேண்டும், அது எல்லாரும் கை வைத்தால்தான் முடிகிற வேலையாக இருக்க வேண்டும். மைதானத்தில் கோடு போடுவது, கடைசி நாள் நிகழ்ச்சியைப் பிள்ளைகளே நடத்துவது, இப்படி எதுவாகவும் இருக்கலாம்.

மைதானப்புழுதி:
விசில் ஐயா, இடதுகைக்காரி, இருவருக்கும் நன்றி. பட்டியல் ஒட்டும் வழக்கம் இங்கேயும் உண்டு. அப்போது எனக்கு அது உறுத்தவில்லை, நான் நடுவில் இருந்தவன். அதை எடுத்துவிடலாம் என்று கோச்சிடம் சொன்னால், "போட்டி இல்லாமல் விளையாட்டா?" என்றுதான் கேட்பார். என்ன பதில் சொல்வது?

விசில்:
நேரத்தை அளக்கட்டும், தூரத்தை அளக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் நோட்டில் நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் இருக்கட்டும். முகாம் முடிவில் ஒரு போட்டி வையுங்கள், உயிரைக் கொடுத்து ஓடட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தினமும் வரிசையில் நிறுத்துவதால் கோச்சுக்குத்தான் நிம்மதி, பிள்ளைக்கு எந்த லாபமும் இல்லை.

நீலத்தொப்பி:
நான் கூடைப்பந்து முகாமில் ஆடினேன், பிறகு அங்கேயே உதவியாளராகவும் இருந்தேன். என்னைக் கேட்டால், சமூகம் உருவாவது முதல் முகாமில் அல்ல. பிள்ளையாக வந்தவன் சீனியராகத் திரும்பி வரும்போதுதான். பதினாறு வயதில் "அண்ணா, இந்த ஷூ லேஸ் அவிழ்ந்துகொண்டே இருக்கிறது" என்று ஒரு சின்னப் பையன் வந்து நின்றபோது, எனக்கு முன்னால் யாரோ எனக்குச் செய்ததெல்லாம் அப்போதுதான் புரிந்தது.

இந்தத் தொடர்ச்சிக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வும் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவும் சேர்ந்து நடத்தும் "எல்லைகளற்ற கூடைப்பந்து" முகாம் 2001-ல் இத்தாலியின் டிரெவிசோவில் தொடங்கியது. போரில் உடைந்துபோன யுகோஸ்லாவியாவின் வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகளை ஒரே மைதானத்தில் ஆட வைத்தார்கள். விளாதே டிவாச், டோனி குகோச் போன்றவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். டிவாச் செர்பியர், குகோச் குரோஷியர். 1990-ல் உலகக் கோப்பையை ஒரே அணியில் ஜெயித்தவர்கள், அப்புறம் வந்த போரில் இரண்டு பக்கமாகப் போனவர்கள். அதே முகாம் 2003-ல் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது கேமரூனிலிருந்து லூக் எம்பா ஆ மூட்டே என்ற பையன் வந்தான். அவன் என்.பி.ஏ. வரைக்கும் போய், தன் நாட்டுக்குத் திரும்பித் தானே ஒரு முகாம் நடத்தினான். 2011-ல் அங்கே வந்த உயரமான பையன்தான் ஜோயல் எம்பீட். கூடைப்பந்து பிடித்து ஆடத் தொடங்கியே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 2023-ல் அவர் என்.பி.ஏ.-வின் சிறந்த வீரர். பாஸ்கல் சியாகமும் அந்த முகாமுக்கு வந்தவர்தான்.

இடதுகைக்காரி:
நீலத்தொப்பி, படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதிலும் பெயர் தெரிந்தவர்கள் ஜெயித்தவர்கள்தான். எம்பீட் வந்த அதே நாள் பக்கத்தில் நின்ற, ஐந்தரை அடிக்கு மேல் வளராத பையனுக்கு அந்த முகாம் என்ன கொடுத்தது என்பதில்தான் எனக்கு அக்கறை. நீங்கள் சொன்ன ஷூ லேஸ் விஷயம்தான் எம்பீட் கதையைவிட எனக்குப் பிடித்தது. அந்தச் சின்னப் பையன் எவ்வளவு நன்றாக ஆடுவான் என்று நீங்கள் எழுதவே இல்லை, அது தேவைப்படவும் இல்லை.

சீனியராகத் திரும்பி வர யாரைக் கூப்பிடுகிறார்கள்? என் முகாமில் பதக்கம் வாங்கியவர்களை மட்டும் கூப்பிட்டார்கள்.

நீலத்தொப்பி:
உண்மைதான் அக்கா. எங்கள் முகாமில் விருப்பம் சொன்ன எல்லாரையும் எடுத்துக்கொண்டார்கள், நான் அணித் தேர்வில் தேறாதவன். அதை எழுதாமல் விட்டுவிட்டேன். சுமாராக ஆடியவர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல உதவியாளர்களாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஷாட் ஏன் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆறாம்எண்:
இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். உலகத்தில் மிகப் பெரிதாக வளர்ந்த முகாம் ஜெயிப்பதற்காகத் தொடங்கியதே இல்லை.

1962-ல் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் மேரிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக ஒரு பகல்நேர முகாம் தொடங்கினார். அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கும் அந்தக் குறைபாடு இருந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளை விடுதிகளில் அடைத்து வைப்பதுதான் வழக்கம், அவர்களால் விளையாட முடியும் என்று யாரும் நம்பவில்லை. நீச்சல், பந்து, குதிரையேற்றம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்துப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் துணைக்கு வந்தார்கள். அடுத்தடுத்த வருடங்களில் அதே போன்ற முகாம்கள் பல இடங்களில் முளைத்தன. 1968 ஜூலையில் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் நடந்தது, அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் சுமார் 1000 பேர் கலந்துகொண்டார்கள். இன்று 170-க்கு மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது.

என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். அவன் போகும் நீச்சல் முகாமில் நான் உதவியாளராக இருக்கிறேன். அவனுக்கு அங்கே கிடைத்தது நீச்சல் மட்டும் இல்லை, அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நண்பர்கள். வீட்டில் போன் அடித்தால் இப்போது அது அவனுக்காகவும் இருக்கலாம். அங்கே உதவிக்கு வந்த பள்ளிப் பிள்ளைகளில் இரண்டு பேர் பிறகு சிறப்புக் கல்வி படித்து ஆசிரியர் ஆகியிருக்கிறார்கள். தம்பியின் பிறந்தநாளை அவர்கள் மறப்பதில்லை.

பன்னிரண்டுவயதுஅம்மா:
புதிதாக எழுதுகிறேன். மகளை முதன்முறையாகத் தங்கும் கால்பந்து முகாமுக்கு அனுப்பப்போகிறோம். இதையெல்லாம் படித்தபோது ஆசையும் பயமும் சேர்ந்து வருகிறது. சேர்ப்பதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

இடதுகைக்காரி:
பயம் நியாயமானது. பிள்ளைகளும் பெரியவர்களும் வெளியுலகத் தொடர்பில்லாமல் ஒரே இடத்தில் இருப்பது நட்பை வளர்க்கும், தப்பானவனுக்கு மறைவிடமும் கொடுக்கும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கு டெக்சாஸில் ஒரு பண்ணையில் முன்பு மாதாமாதம் முகாம் நடந்துவந்தது. பெற்றோரை உள்ளே விடவில்லை. அணி மருத்துவர் லாரி நாசர் சிறுமிகளுக்குப் பாலியல் கொடுமை செய்த இடங்களில் அதுவும் ஒன்று. 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் 150-க்கு மேற்பட்ட பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். அந்தப் பெண்களை அவ்வளவு காலம் பேச விடாமல் வைத்ததும் ஒரு முகாமின் பழக்கவழக்கம்தான்.

அதனால் நேராகக் கேளுங்கள். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்க விடுவார்களா? இல்லை என்ற பதில் உடனே வர வேண்டும். மகள் நினைத்த நேரத்தில் வீட்டுக்குப் பேச முடியுமா? பெற்றோர் சொல்லாமல் வந்தால் உள்ளே விடுவார்களா? ராத்திரி தங்கும் அறைக்கு யார் பொறுப்பு, அவர்களின் பின்னணியை யார் சரிபார்த்தார்கள்? கோச் தனிப்பட்ட முறையில் பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்புவாரா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளித்தால் அந்த முகாம் வேண்டாம், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

விசில்:
அதோடு இன்னொன்று கேளுங்கள் அம்மா. போன வருடம் வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த வருடம் திரும்பி வருகிறார்கள்? எத்தனை பேர் மாநில அணிக்குப் போனார்கள் என்று அவர்களே பெருமையாகச் சொல்வார்கள். இதைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

முதல் இரண்டு மூன்று நாள் மகள் அழுது போன் செய்தால் உடனே ஓடிப்போய்க் கூட்டிவராதீர்கள். வீட்டு ஏக்கம் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் அழுகை கூடிக்கொண்டே போனால், அல்லது ஒருவர் பெயரைச் சொல்லிப் பயந்தால், அன்றைக்கே போங்கள்.

பன்னிரண்டுவயதுஅம்மா:
மிக்க நன்றி. நாளைக்கே போன் செய்து கேட்கிறேன்.

கடைசிலேன்:
முகாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வரும் முதல் வாரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. திடீரென்று எல்லாம் அமைதியாகிவிடும். பிள்ளை சாப்பிடாது, பேசாது, போனையே பார்த்துக்கொண்டிருக்கும். பெற்றோர் பதறுவார்கள். அது நல்ல முகாமுக்குப் பின்னால் வருகிற ஒன்றுதான். அந்த வாரத்திலேயே யாராவது ஒருவர் முயற்சி எடுத்து எல்லாரையும் பேச வைத்தால் கூட்டம் நிற்கும், விட்டுவிட்டால் கலைந்துவிடும். எங்கள் முகாமில் ஒரு சீனியர் அக்கா எல்லாருக்கும் கடிதம் எழுதினார். இப்போது வாட்ஸ்அப் குழு இருக்கிறது, ஆனால் குழுவில் பத்துப் பேர் பேசுவார்கள், மீதிப் பேர் படித்துவிட்டு வெளியே போய்விடுவார்கள். தனித்தனியாக ஒருவர் விசாரிப்பதற்கு ஈடு கிடையாது.

மைதானப்புழுதி:
கோச்சிடம் பேசிவிட்டேன். தினசரிப் பட்டியல் இந்த வருடம் கிடையாது, அவரவர் நோட்டு மட்டும். முதல் இரண்டு நாள் அணி பிரிப்பதில்லை. மதிய நேரம் காலியாகவே இருக்கும், அதற்குத்தான் அவரைச் சம்மதிக்க வைக்க அதிக நேரம் பிடித்தது. சீனியராக வர விரும்பும் எல்லாருக்கும் இடம் உண்டு, பதக்கம் கேட்க மாட்டோம். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சேர்க்கைப் படிவத்திலேயே அச்சாகிறது.

இடதுகைக்காரி கேட்ட கேள்வியை எங்கள் பழைய குழுவிலும் போட்டேன். அன்று முகாமில் இருந்து இப்போது குழுவில் இல்லாதவர்களின் பெயர்களை ஒவ்வொருவராக நினைவுபடுத்திச் சொன்னார்கள். இருப்பவர்களைவிட இல்லாதவர்கள் அதிகம். சிலர் ஏன் விலகினார்கள் என்று கேட்டபோது குழுவில் கொஞ்ச நேரம் யாரும் பதில் எழுதவில்லை. ஒருவனை அவன் ஓடும் விதத்துக்காக எல்லாரும் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டது பிறகு பேச்சில் வந்தது.

இடதுகைக்காரி:
அவர்களை அழைக்கப்போகிறீர்கள் என்றால், குழுவில் சேர்த்துவிட்டு "வருக வருக" என்று எழுதாதீர்கள். முதலில் ஒருவர் தனியாகப் போன் செய்யட்டும். அந்தப் பட்டப்பெயரை அன்று சொன்னவர்களில் ஒருவரே செய்தால் இன்னும் நல்லது. வர விருப்பமில்லை என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

முகாம் எந்த வாரம் என்று சொல்லுங்கள் அண்ணா. பேட்மின்டன் இல்லை என்றாலும் வருகிறேன். ஓரத்தில் நிற்கும் பிள்ளைகளோடு ஒரு ஆள் நிற்க வேண்டும் என்றால் அந்த வேலையை எனக்குக் கொடுங்கள்.

மைதானப்புழுதி:
விவரம் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். சீனியர்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே பயிற்சி இருக்கிறது, அதற்கே வந்துவிடுங்கள்.